செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை

மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாயில் வழக்கமாக ஆகஸ்ட் 1-இல் தண்ணீர் விடுவார்கள். டிசம்பர் 15 வரை, 137 நாள் ஓடும். குமாரபாளையம் பக்கம் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்கள் அந்த வாரம் கேஜ் வீலை மாட்டிக்கொண்டு சேற்றுழவுக்கு இறங்குவார்கள். பங்குனியிலிருந்து கொட்டகையில் நின்ற பழைய டிராக்டர் மக்கர் செய்வதும் அதே வாரத்தில்தான். ஃபிட்டருக்குப் போன் போட்டால் அவர் நாலாவது தோட்டத்தில் இருப்பார். அவர் வருவதற்குள் நீங்களே பார்த்துவிடக்கூடியது நிறைய இருக்கிறது.

டீசல் இன்ஜின் ஓட என்ன வேண்டும்? பெட்ரோல் வண்டி போல இதில் பிளக் பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். இங்கே அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து நாசில் (டீசலைப் புகைபோலத் தூவும் ஊசிமுனை) டீசலை அடித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக, வேகமாகச் சுற்ற வேண்டும், டீசல் வர வேண்டும், காற்று நன்றாக நசுங்க வேண்டும். இந்த மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ஸ்பேனரை எடுக்காதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருவரை சீட்டில் உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சைலன்சர் குழாயைப் பாருங்கள். புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? முக்கால்வாசிப் பதில் அதில் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யாரும் புகையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செல்ஃபே சுற்றவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி அணைந்தால் பாட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பில்லை. லைட் அசையாமல் எரிந்து, சத்தமே வராவிட்டால் சாவி, நியூட்ரல் சுவிட்ச், எலி கடித்த ஒயர் என்று அந்த வழியில் தேடுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பாட்டரியிலிருந்து இன்ஜின் பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டையும் கழற்றித் துரு நீக்குங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. புதுப் பாட்டரி வாங்கிய பிறகுதான் குற்றம் எர்த் ஒயரில் என்று தெரியவரும்.

மெதுவாகச் சுற்றினால் போதாதா? போதாது. மெதுவாக நசுங்கும் காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் விடாமல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் செலவில் சேரும்.

ஸ்குரூ டிரைவரை வைத்து செல்ஃப் மோட்டாரை நேராக உரசிவிடலாமா? நிறையப் பேர் செய்கிறார்கள். வேண்டாம். அப்படிச் செய்யும்போது நியூட்ரல் சுவிட்சைத் தாண்டி மின்சாரம் போகிறது. நீங்கள் நிற்பது பின்சக்கரத்துக்கு முன்னால். கியரில் கிடந்த வண்டி கிளம்பினால் அடுத்த நொடி சக்கரம் உங்கள் மேல் இருக்கும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் புகையே இல்லை. என்ன அர்த்தம்? சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. முதலில் சின்ன விஷயங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா? அடியில் உள்ள டேப் திறந்திருக்கிறதா? வண்டியை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் துருப்பிடித்து, பாதியிலேயே நின்றிருக்கும். மேலே குமிழை உள்ளே தள்ளியிருப்பீர்கள். கீழே பம்ப்பில் உள்ள கை திரும்பியிருக்காது. விரலால் தள்ளிப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது மண்ணால் அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் டீசல் இறங்கினால் கோளாறு அங்கேதான்.

அதெல்லாம் சரி என்றால் அடுத்த சந்தேகம் ஏர் லாக் (டீசல் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்வது). பழைய டிராக்டரில் இதுதான் அதிகம். டீசலை அழுத்தினால் அது நசுங்காது, நேராகப் போய் நாசிலைத் திறக்கும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் பம்ப் தரும் அழுத்தத்தை எல்லாம் அந்தக் குமிழ் விழுங்கிக்கொள்ளும். டீசல் தீரத் தீர ஓட்டினாலோ, ஃபில்டர் மாற்றினாலோ, வாஷர் நைந்தாலோ காற்று நுழையும்.

காற்றை எடுப்பது எப்படி? டேங்கில் இருந்து நாசில் வரை டீசல் போகும் வழியிலேயே நீங்களும் போக வேண்டும். டாஃபேயின் மாசி ஃபெர்குசன் 1035 போன்ற, 3 சிலிண்டர் சிம்சன் இன்ஜின் வண்டியை வைத்துச் சொல்கிறேன். மற்ற வண்டியிலும் வரிசை இதுதான்.

முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்) பக்கத்தில் கையால் அடிக்கும் லீவர் இருக்கும். அதை அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழ், பிறகு சுத்தமான டீசல் வரும். குமிழ் நின்றதும் அடித்துக்கொண்டே இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டர் இருந்தால் அதற்கும் இதே.

லீவர் தொளதொளவென்று ஆடுகிறதா? பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள். உள்ளே கேம் (முட்டை வடிவ உருளை) அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினை ஒரு சுற்றுத் திருப்பினால் லீவருக்குப் பிடிப்பு வந்துவிடும்.

அடுத்து பெரிய பம்ப்பில் (டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) உள்ள ஏர் ஸ்குரூக்கள். கீழே உள்ளதை முதலில், மேலே உள்ளதைப் பிறகு. கடைசியாக ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, இரண்டு நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டுத் தெறிக்கும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். பல நேரம் இறுக்கும்போதே வண்டி கனைத்துக்கொண்டு எழுந்துவிடும்.

இந்த இடத்தில் மட்டும் கையைத் தூர வையுங்கள். நாசில் திறக்கும் அழுத்தம், லாரி டயரில் அடிக்கும் காற்றைப் போல 20 மடங்கு. நாசிலைக் கழற்றி வெளியே அடிக்கவிட்டு விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்க ஊசி குத்தியதுபோல் இருக்கும், வலியும் அதிகம் இருக்காது. ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரல் போகும்.

காற்று எடுத்தேன், ஓடியது. மறுநாள் மறுபடி அதே கதை என்றால்? எங்கோ ஒரு மூட்டு கசிகிறது. இந்த வண்டிகளில் டேங்க் உயரத்தில் இருப்பதால், ஓடும்போது காற்றை இழுக்கும் அதே கசிவு நிற்கும்போது டீசலைச் சொட்டும். ராத்திரி இன்ஜின் அடியில் பழைய நாளிதழை விரித்து, மேலே மூட்டுகளைத் துடைத்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். அநேகமாக ஒரு வாஷரில் தீர்ந்துவிடும்.

வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இது நல்ல செய்தியா? பாதி நல்லது. டீசல் போகிறது, பற்றவில்லை. வேகமாகச் சுற்றுகிறதா என்று மறுபடி பாருங்கள். வீட்டு டிரம்மில் ஊற்றி வைத்த டீசலாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் கனம், அடியில் தங்கும். ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாகத் தெரிந்தால் தண்ணீர்தான்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, ஆயில் கம்பியில் பால்காப்பி நிறம் தெரிந்தால் மேற்கொண்டு செல்ஃப் அடிக்கவே வேண்டாம். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடியின் அடியிலுள்ள தகடு) போயிருக்கலாம். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அது நசுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இது எதுவும் இல்லாமல் தையல் மிஷின் போல லகுவாகச் சுற்றி, வெள்ளைப் புகை மட்டும் விட்டால் காற்று நசுங்கவில்லை. ரிங், வால்வு தேய்மானம். அது ஃபிட்டர் வேலை.

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனரில் காட்டினால் உடனே எடுக்குமாமே? எடுக்கும். ஆனால் பெட்ரோல் ஆவி நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து ரிங்கை உடைக்கும். உள்ளே ஹீட்டர் சூடாக இருந்தால் வெளியிலேயே தீப்பிடிக்கும். அதைவிட ஏர் கிளீனரின் ஆயில் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள். சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது கதையல்ல.

கடைசியாக ஒரு விசித்திரக் கேஸ். காலையில் முதல் தட்டில் எடுக்கிறது. மதியம் சூட்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் எடுக்க மாட்டேன் என்கிறது, புகையும் இல்லை. பெரிய பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் கால் மணி நேரம் ஆறவிட்டு அடியுங்கள். எடுத்துவிட்டால் பம்ப்பின் தலை தேய்ந்துவிட்டது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடுக்கு வழியே உள்ளேயே கசிகிறது. ஈரச் சாக்கை வைத்து அந்தப் போகத்தை ஓட்டிவிடலாம்.

ஆனால் பம்ப்பை ஒருநாள் கழற்றத்தான் வேண்டும். லாரியும் ரிக்கும் நிறைந்த சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பம்ப், நாசில் டெஸ்ட் பார்க்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கழற்றும் முன் பம்ப்பின் தட்டிலும் இன்ஜினிலும் ஒரே நேராக ஒரு கோடு கீறிவையுங்கள். மாட்டும்போது அந்தக் கோடு ஒன்று சேராவிட்டால் டைமிங் (டீசல் அடிக்கும் நேரம்) தப்பும். திறந்து கிடக்கும் பைப் வாய்களைப் பிளாஸ்டிக் தாளால் கட்டிவிடுங்கள். பஞ்சு பறக்கும் தறி ஊர் நம்முடையது.