கூரையடி இடம்: கூடுதல் அறையா, தனி வீடா?

இலண்டன் புறநகர் வீடுகளில் ‘லொஃப்ட்’ எனப்படும் கூரையடி இடம் பெரும்பாலும் பயணப் பெட்டிகளும் பழைய பாத்திரங்களும் அடுக்கும் இடமாகவே உள்ளது. வீட்டுக்கடன் தவணை உயரும்போது அதனைத் திருத்தி வாடகைக்கு விடும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், கட்டட வேலையாளரை அழைக்குமுன் ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும்: அங்கு அமையப்போவது கூடுதல் அறையா, தனி வீடா? சட்டம் இரண்டையும் வெவ்வேறாகவே நோக்குகிறது.

கூடுதல் அறை

வீட்டோடு சேர்ந்த அறையாயின், பொதுவாகத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. தொடர்வீடுகளில் கூரையின் கனஅளவை 40 கனமீற்றர் வரையும், ஏனைய வீடுகளில் 50 கனமீற்றர் வரையும், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கூட்டலாம். மாடிக் குடியிருப்புகளுக்கும், பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதிகளில் கூரையை விரிவாக்குவதற்கும் இச்சலுகை இல்லை.

தனி வீடு

சமையலறை, குளியலறை, தனி வாசல் ஆகியவற்றுடன் வேறொருவர் தனித்து வாழத்தக்கதாக அமைப்பின், ஒரு வீடு இரண்டாகிறது. 1990 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி இது பயன்பாட்டு மாற்றமாகும்; திட்டமிடல் அனுமதி அவசியம். ஒருவர் வாழும், குளியல்தொட்டி இல்லாத குடியிருப்புக்கு இலண்டனில் குறைந்தது 37 சதுர மீற்றர் தளப்பரப்பு எதிர்பார்க்கப்படுகிறது. வாழும் இடத்தில் 1.5 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பகுதி அக்கணக்கில் சேராது. ஆகவே, சாய்வான கூரையின் கீழ் முதலில் அளந்து பார்ப்பது நன்று.

படிக்கட்டே உயிர்வழி

இருவகைக்கும் கட்டட ஒழுங்குவிதிகள் பொருந்தும். இரவில் கீழ்த்தளத்தில் தீ மூண்டால், மேலே உறங்குபவருக்குப் படிக்கட்டே தப்பும் வழி. எனவே, அது வெளிவாசல் வரை தீத்தாங்கும் சுவர்களாலும் கதவுகளாலும் காக்கப்படுதல் வேண்டும். ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்குமாறு புகை எச்சரிக்கைக் கருவிகளும் இணைக்கப்படவேண்டும். தனி வீடாயின், தளங்களுக்கிடையே தீ, ஒலி ஆகியவற்றுக்கான தடுப்பும் தேவை. வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழைப் பெற்றுப் பத்திரப்படுத்துக.

அனுமதியின்றி அமைத்தால்

‘நான்கு ஆண்டுகள் கழிந்தால் கேள்வியில்லை’ என்ற நம்பிக்கை இனிப் பொருந்தாது. 2024 ஏப்ரல் 25 இற்கு முன் மாற்றம் நிறைவடையாதவிடத்து, நடவடிக்கைக்கான காலவரம்பு பத்து ஆண்டுகள். நகரசபையின் அமுலாக்க அறிவித்தலை மீறுவது குற்றமாகும். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். வாடகைக்கு இருப்பவர் தங்குமிடத்தையே இழக்க நேரலாம்.

இடைவழி

தனி வீடாக மாற்ற இயலாதோர், கூரையடி அறையில் ஒருவரைத் தங்கவைத்துச் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளலாம். தாம் வாழும் வீட்டில் தளபாடங்களுடன் அறையை வாடகைக்கு விடுவோர் ஆண்டுக்கு 7,500 பவுண் வரை வரியின்றிப் பெறலாம். இதற்கும் கட்டட ஒழுங்குவிதிகள் பொருந்தும்.

தொடங்குமுன்

நகரசபையின் திட்டமிடல் பிரிவையும் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவையும் அணுகுக. கடன் வழங்கிய வங்கியினதும் காப்புறுதி நிறுவனத்தினதும் இசைவை எழுத்தில் பெறுக. பொதுச்சுவரில் உத்தரம் பதிப்பதாயின், அயலவருக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும்.