மூன்று நாளில் இரண்டு பதிப்புகள்

2021 அக்டோபர் 4 அன்று அப்பாச்சி வெப் சர்வரின் 2.4.50ஆம் பதிப்பு வெளியானது. 7ஆம் தேதியே 2.4.51 வந்துவிட்டது. இந்த அவசரத்துக்குக் காரணம் ஒரு புள்ளி.

நாம் ஒரு தளத்தின் முகவரியைத் தட்டியதும், மறுமுனைக் கணினியில் அந்தக் கோரிக்கையை வாங்கி, உரிய கோப்பை எடுத்து அனுப்பும் மென்பொருள்தான் வெப் சர்வர். கேட்டதைக் கொடுப்பது அதற்கு எளிது. கொடுக்கக் கூடாததை மறுப்பதுதான் கடினம். தளத்துக்கென ஒதுக்கிய கோப்புறையில் இருப்பதை மட்டுமே அது வெளியே காட்ட வேண்டும். ஆனால் கணினியில் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் வைத்தால், ஒரு படி மேலே உள்ள கோப்புறைக்குப் போ என்று பொருள். முகவரியில் இந்த இரட்டைப் புள்ளிகளை வரிசையாக அடுக்கி, தளத்தின் எல்லையைத் தாண்டி, கணினியின் பயனர் பட்டியல் இருக்கும் கோப்புவரை ஏறிப்போக ஒருவர் முயலலாம். பழைய தந்திரம் இது. அதைத் தடுக்கும் ஏற்பாடு எல்லா சர்வர்களிலும் உண்டு.

தடுப்பதில்தான் சிக்கல். முகவரியில் எந்த எழுத்தையும் நேராக எழுதாமல், விழுக்காட்டுக் குறியைப் போட்டு அதன் எண் குறியீட்டையும் எழுதலாம். புள்ளியும் அப்படி மாறுவேடத்தில் வரலாம். 2021 செப்டம்பரில் வந்த 2.4.49இல், முகவரியைச் சீர்செய்யும் பகுதி மாற்றி எழுதப்பட்டிருந்தது. அது ஒரு புள்ளியைக் கண்டதும், அடுத்ததும் புள்ளிதானா என்று பார்த்தது. இரண்டாவது புள்ளி குறியீடாக வந்தபோது அதை அடையாளம் காணாமல் உள்ளே விட்டது. கோப்புறைகளைப் பூட்டிவைக்கும் அமைப்பு வரி இல்லாத சர்வர்களில் அந்நியர்கள் கோப்புகளைப் படிக்க முடிந்தது. கோரிக்கை வந்ததும் சர்வரே நிரல்களை ஓட்டும் சிஜிஐ வசதி இயங்கிய இடங்களில் கட்டளைகளையே ஓட்ட முடிந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் வருவதற்குள் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. 2.4.50 அந்த ஓட்டையை அடைத்தது; ஆனால் குறியீட்டையே மறுபடி குறியீடாக்கி அனுப்பினால் இந்தத் தடுப்பையும் தாண்டலாம் என்று உடனே தெரியவந்தது. அதற்காகத்தான் 2.4.51.

இந்த வழு 2.4.49க்கு முந்தைய பதிப்புகளில் இல்லை. அப்படியானால் புதுப்பிக்காமல் இருந்தவர்கள்தானே தப்பித்தார்கள் என்று தோன்றும். அவர்களும் தப்பவில்லை. சர்வரை ஏவி, தாக்குபவர் விரும்பும் வேறொரு கணினிக்குக் கோரிக்கை அனுப்பவைக்கும் இன்னொரு ஓட்டை 2.4.48 வரை இருந்தது. அதை அடைத்ததே இதே 2.4.49தான். ஒரு பதிப்பு ஒரே நேரத்தில் மருந்தாகவும் நோயாகவும் இருந்தது. பராமரிப்பு என்ற வேலையின் முழுக் கடினமும் இதில் இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமல் திருத்த வேண்டும், ஒவ்வொரு திருத்தமும் புதிய தவறுக்கு இடம் தரும், திருத்தாமலும் இருக்க முடியாது.

அப்பாச்சி பிறந்ததே பராமரிப்பு நின்றுபோனதால்தான். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த சூப்பர் கம்ப்யூட்டிங் மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர்தான் அன்று பரவலாக ஓடியது. 1994ஆம் ஆண்டின் நடுவில் அவர் மையத்தைவிட்டு விலக, வேலை தேங்கியது. மூல நிரல் வெளியே கிடைத்ததால், தளங்களை நடத்தியவர்கள் ஆளுக்கொரு பேட்ச் எழுதிச் சமாளித்தார்கள். ஒரே வழுவைப் பல ஊர்களில் பலர் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். 1995 பிப்ரவரியில் பிரையன் பெஹ்லண்டார்ஃப், கிளிஃப் ஸ்கோல்னிக் ஆகியோரின் முயற்சியில் எட்டுப் பேர் கூடி, அந்தப் பேட்ச்களைத் தொகுக்கத் தொடங்கினார்கள். ஏப்ரலில் முதல் பொது வெளியீடு. பிறகு ராபர்ட் தாவ் கட்டமைப்பையே மாற்றி, வேண்டிய வசதியைத் தனி மாட்யூலாகச் செருகும் முறையைக் கொண்டுவந்தார். டிசம்பர் 1 அன்று 1.0 வெளியானது. 1996இல் உலகில் அதிகத் தளங்களில் இயங்கிய சர்வர் அதுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய சாதனையாகத் தெரிவது அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஏற்றால் 'கூட்டல் ஒன்று', மறுத்தால் 'கழித்தல் ஒன்று' என்று வாக்களிப்பார்கள். நிரல் மாற்றத்தை ஒரே ஒருவர்கூட நிறுத்திவைக்கலாம். ஆனால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும், பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகள் வேண்டும். மக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்குள் ஒரு திருத்தம் போக வேண்டுமென்றால், மற்றவர்கள் அதைப் படித்துப் பார்த்து ஒப்ப வேண்டும். 2012இல் தொடங்கிய 2.4 வரிசை இப்படித்தான் இவ்வளவு காலம் நீடிக்கிறது. 2021இன் வழு இத்தனை கண்களையும் தாண்டி வந்தது உண்மை. முதல் பேட்ச் வந்த மூன்று நாளில் அது முழுதாக அடைக்கப்பட்டதும் இதே ஒழுங்கினால்தான்.

போட்டியும் அப்பாச்சியைத் திருத்தியது. ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, இணைப்புக்கொரு ப்ராசஸ் என்ற அதன் பழைய முறை திணறியது. ரஷ்யாவில் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணிபுரிந்த இகோர் சிசோயெவ், ஒரே ப்ராசஸ் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும் 'என்ஜின்எக்ஸ்' சர்வரை 2004இல் வெளியிட்டார். அப்பாச்சியும் 2.4இல் அந்தத் திசையில் மாறியது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? 1999இல் உருவான அப்பாச்சி அறக்கட்டளை நிரல் எழுதச் சம்பளம் தருவதில்லை. சிலருக்கு அவர்கள் வேலைபார்க்கும் நிறுவனம் தருகிறது. மற்றவர்கள் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். சர்வர்கள் மறையாக்கத்துக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014இல் 'ஹார்ட்பிளீட்' வழு வெடித்தபோதுதான், அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே நன்கொடை வந்துகொண்டிருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் நிதி திரட்டின. கோடிகளில் வணிகம் செய்பவர்கள் விபத்து நடக்கும்வரை காத்திருந்தது நியாயமே இல்லை.

உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், அது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். கணினி படிக்கும் மாணவர்கள் புது மென்பொருள் எழுதித்தான் பெயரெடுக்க வேண்டும் என்பதில்லை. அப்பாச்சியின் ஒவ்வொரு வெளியீடும் வாக்கெடுப்புக்கு முன் சோதனைக்காகப் பொதுவில் வைக்கப்படுகிறது. அதை இறக்கி, உங்கள் கணினியில் தொகுத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே உடைகிறது என்று கண்டால் எழுதி அனுப்புங்கள். அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை.