தீவிலிருந்து ஓர் அழைப்பு

அரசின் உரிமம் பெற்ற தனியார், வாணிக நோக்கம் சிறிதுமின்றித் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு உலகத்தாரோடு அளவளாவும் கலையே அமெச்சூர் வானொலியாகும். 'ஹாம்' என்பது அதன் வழக்குப் பெயர். இக்கலையினர் நடத்தும் போட்டிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று சி.க்யூ. உலகளாவிய போட்டி. அக்டோபர்த் திங்களின் இறுதிச் சனி, ஞாயிறுகளில் குரல்வழியும், நவம்பரில் மோர்ஸ் குறிவழியும் அது நிகழும். நம் நாட்டு நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கி 48 மணி நேரம் நீடிக்கும்.

விதி எளியது. உலகம் 40 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இரு நிலையத்தார் தத்தம் அழைப்புக் குறியையும், ஒலித் தெளிவின் அளவையும், மண்டல எண்ணையும் பரிமாறிக்கொண்டால் ஒரு தொடர்பு நிறைவுறும். வேறு கண்டத்து நிலையமாயின் பொதுவாக 3 புள்ளிகள். இவ்வாறு சேர்ந்த புள்ளிகளை, எட்டிய நாடுகள், மண்டலங்களின் தொகையால் பெருக்குவர். ஆகவே ஒலிப்பார் அற்ற தொலைதூரத் தீவு ஒன்று அகப்படுமாயின் அதன் மதிப்பே தனி. அந்தமான் நிக்கோபார் இந்திய மண்ணே. எனினும் இக்கணக்கில் அது தனி நாடு. நாம் வாழும் பெருநிலம் 22ஆம் மண்டலம். அந்தமானோ 26ஆம் மண்டலம்.

பிற இடத்தார் தேடி அலைவர். தீவில் அமர்ந்தவரையோ உலகமே தேடி வரும். அவர் ஒருமுறை அழைத்தால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மறுமொழி கூறுவர். செவியில் விழுவது வெறும் இரைச்சலே. அவ்விரைச்சலில் இரண்டெழுத்தைப் பற்றிக்கொண்டு, அவ்விரண்டை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். உரியவர் முழுக் குறியையும் உரைப்பார். ஏனையோர் வாய்மூடி இருத்தல் மரபு. (மரபு எப்போதும் காக்கப்படுவதில்லை என்பது வேறு!) ஒரு தொடர்புக்குச் சில நொடிகளே செலவாகும். பகலில் 10, 15 மீட்டர் அலைவரிசைகள் தொலைவு செல்லும். கதிரவன் மறைந்தபின் 40, 80 மீட்டருக்கு மாறுவர். 'கேள்வி'க்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை மாணவர்க்குப் பாடம் சொல்லும் எமக்கு இச்செவிப் பயிற்சி வியப்பளிக்கிறது. இதனை வீண்பொழுதுபோக்கு என்பாரும் உளர்.

அவர்கள் 2004ஆம் ஆண்டின் நிகழ்வை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேயர் சென்றது. போட்டிக்காகச் சென்றதன்று, பல்லாண்டுகளாக அமெச்சூர் அலை எழாதிருந்த தீவிலிருந்து ஒலிப்பதே நோக்கம். ஆயினும் 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' என்னும் குறி கேட்டதும், போட்டிக்குரிய நெருக்கடியே அங்கு நேர்ந்தது.

டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. குழுவினர் விளையாட்டை நிறுத்தி, அதே கருவிகளால் துயர்ச் செய்திகளை ஏற்று அனுப்பலாயினர். பெருநிலத்தில் உறவினர் நலமறியத் தவித்திருந்தோர்க்கு, தீவில் உள்ளோரின் பெயர்கள் அலைவழியே சென்றன. பெயரைச் சொல்வதும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதும், பிழை திருத்துவதும் அவர்கள் இரைச்சலிடையே நாள்தோறும் பழகியவையே. பின்னர், பேரழிவுக்குள்ளான கார் நிக்கோபாரிலும் ஹாம் நிலையம் அமைக்கப்பட்டு, அங்கிருந்தோரின் செய்திகள் போர்ட் பிளேயருக்கு வந்து சேர்ந்தன.