தலைமையும் கணக்கும்

தலைமை என்னுஞ் சொல்லைக் கேட்டவளவிலே மேடையும் மாலையும் கைதட்டலும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. தலைவராவார் பிறப்பிலேயே அத்தன்மையரென்றும், ஏனையோர் அவர்பின் செல்லுதற்கே உரியரென்றும் பலர் கருதுவர். இக்கருத்துப் பொருந்தாதென்பதும், தலைமை யாவரும் பயின்று பெறத்தக்கதொரு பழக்கமே என்பதும் இச்சிறு கட்டுரையில் யாம் காட்டப் புகுந்தனவாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தே கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் இரண்டு உள. அவ்வூர்ச் சபையார் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓர் ஓலை எடுப்பித்தனர். அதனை வாங்குவோன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, யாவருங் கேட்கப் படித்தல் வேண்டும். இவ்வாறு வந்தோருள் 12 பேர் சம்வற்சர வாரியமும், 12 பேர் தோட்ட வாரியமும், 6 பேர் ஏரி வாரியமும் 360 நாள் செய்தனர்.

இனி, அக்கல்வெட்டுக் கூறுந் தகுதிகளை நோக்குவோம். அகவை 35-க்கு மேலும் 70-க்கு உட்பட்டும் இருத்தல், இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைமை, கல்வி, காரியத்தில் நிபுணத்துவம், நேரிய வழியில் வந்த பொருள் என்பன அவற்றுட் சில. அணித்தான மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தார் மீண்டும் வரலாகாது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படாது. அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. நாவன்மையும் தோற்றப்பொலிவும் அவர்கள் வேண்டிய தகுதிகளல்ல.

அச்சபை அந்தணர் சபையே. நிலமில்லாதார்க்கும் பெண்டிர்க்கும் அதிற் பங்கில்லை. ஆதலின் அம்முறையை அவ்வாறே போற்றுதல் நம் கருத்தன்று. எனினும், பொதுப்பொருளைக் கையாள்வோன் கணக்குக் காட்டுதல், காலம் முடிந்தவழிப் பிறர்க்கு இடந்தருதல், எதனையும் விரித்த கையொடு செய்தல் என்னும் மூன்றும் எக்காலத்தார்க்கும் உரியன.

இவற்றுள் முதலாவதன் அருமையை யாம் இழுக்குற்றே உணர்ந்தோம். மாணவராயிருந்த ஞான்று, விடுதி ஒன்றில் உணவுச்சாலைப் பொறுப்பை ஒரு திங்கள் ஏற்றோம். அரிசியும் காய்கறியும் வாங்கினோம், அன்றன்று எழுதிவைத்தோமில்லை, நினைவிலிருக்கும் என்று இறுமாந்திருந்தோம். திங்கள் முடிவிற் கணக்குப் பார்க்குங்கால் சிறிது தொகை குறைந்தது. யாம் ஒரு காசும் எடுத்தோமல்லேம். ஆனால் எடுக்கவில்லை என்று காட்ட எம்மிடம் ஒன்றுமில்லை. கூலிவேலை செய்யும் தந்தை அனுப்பிய பணத்தைக் கட்டியிருந்த தோழர் ஒருவர், சினமின்றி, "என் பங்கு எங்கே போயிற்று?" என்று மட்டும் வினவினார். குறைந்த தொகையை எம் கைப்பொருள் கொண்டு நிரப்பினோம். அவர் நம்பிக்கையை நிரப்பப் பணம் உதவவில்லை. நேர்மை உள்ளத்திலிருந்தாற் போதாது, ஏட்டிலும் இருத்தல் வேண்டுமென்று அன்று அறிந்தோம்.

ஆகவே, தலைமையைப் பயில விரும்புவோர் சிறியவற்றில் தொடங்குக. விளையாட்டுக் கழகமாயினும், தெருவின் குடிநீர்க் குழுவாயினும், வீட்டுச் செலவாயினும், செலவிட்ட அன்றே எழுதுக. எழுதியதை யாவருங் காணுமிடத்தில் வைக்க. கூட்டத்தில் வாய்திறவாது இருப்பாரையும் கருத்துக் கேட்க. ஏற்ற வேலையை இன்னொருவர்க்குக் கற்பித்துக் குறித்த நாளில் ஒப்படைத்து நீங்குக. தாம் நீங்கியபின்னும் வேலை தடையின்றி நடக்குமாயின், அதுவே தலைவர் ஒருவர் ஆங்கிருந்தார் என்பதற்குத் தக்க சான்றாம்.

நண்பர்காள்! நம்முட் பலர் இக்கல்லூரியை விட்டுத் தத்தம் ஊர்க்கு மீளுங்கால், ஆங்குப் பொதுப்பணம் ஏதேனும் ஒன்று நம் கைக்கு வருதல் ஒருதலை. அன்று நம் விரல்கள் விரிந்திருப்பனவாக.