உரையாட்டின் வழிப் பரவிய தொழினுட்ப அறிவு: கலிபோர்ணியக் கணனிக் கழகம் ஒன்று பற்றிய குறிப்பு

ஒரு தொழிலுக்குரிய அறிவு நூல்களிலும் பல்கலைக்கழகங்களிலுமே தங்கியுள்ளது எனக் கொள்வது பொதுவழக்கு. ஆயின், அத்தொழிலைச் செய்வோர் ஓரிடத்தே செறிந்து வாழுமிடத்து, அவர்தம் அன்றாட உரையாட்டும் அறிவைப் பரப்பும் வாயிலாக அமைகின்றது. ஆங்கிலப் பொருளியலறிஞர் அல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலில் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். அத்தகைய ஊர்களில் தொழில் மருமங்கள் மருமங்களாக நிலைப்பதில்லை என்பதே அவர் கருத்து. அவ்வாறாயின் அவை எவ்வழியாகக் கைமாறுகின்றன? சன்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள நகரங்களில் 1975 முதல் 1986 வரை இயங்கிய ஹோம்புரூ கணனிக் கழகத்தின் வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது.

1975 ஜனவரியில் அமெரிக்க இலத்திரனியற் சஞ்சிகையொன்று 'அல்ரெயர் 8800' என்னும் கணனியை அறிமுகஞ் செய்தது. உதிரிப் பாகங்களாக 400 டொலருக்குக் குறைந்த விலையில் அது விற்கப்பட்டது. வாங்கியவரே பாகங்களைப் பற்றுவைத்துப் பொருத்தல் வேண்டும். பொருத்திய பின்னரும் எழுத்துப்பலகையோ திரையோ இல்லை; ஆளிகளை மேலுங் கீழுந் தள்ளியே கட்டளையிடல் வேண்டும். இத்தகைய கருவியோடு தனியே போராடியோர் ஒருவரையொருவர் தேடியது இயல்பே. பிரெட் மூர், கோர்டன் பிரெஞ்ச் ஆகிய இருவரின் அழைப்பின்பேரில், மார்ச் 5ஆம் திகதி மென்லோ பார்க்கில் பிரெஞ்ச் அவர்களின் வீட்டுக் கராஜில் முப்பது பேரளவில் கூடினர். கூட்டம் பெருகவே, அது பின்னர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நேர்கோட்டு முடுக்கி நிலையத்தின் மண்டபத்துக்கு மாறிற்று.

அக்கூட்டம் நடைபெற்ற முறையே நமது கவனத்துக்குரியது. தலைமைதாங்கி நடத்திய லீ பெல்சென்ஸ்ரைன் அதனை இரு கூறாக வகுத்தார். முதற்கூற்றில், விரும்பியவர் எழுந்து தாம் யாது செய்கின்றார், தம்மிடம் யாது உளது, தமக்கு யாது வேண்டும் என்பதைச் சுருங்கச் சொல்வர். இரண்டாங்கூற்றில், கேட்டோர் தமக்கு வேண்டியவரை நாடிச் சென்று உரையாடுவர். பாகங்களும் சுற்றுவரிப்படங்களும் அப்போது கைமாறும். ஒருவர் அறியாததை அறிந்தவர் அதே மண்டபத்தில் இருக்கக்கூடும்; அவர் யாரென்பதே தெரியாதது. முதற்கூறு அத்தடையை நீக்கிற்று. விரிவுரை முறையில் ஒருவர் அறிவே பலரை அடைய, இங்கு பலரறிவும் பலரை அடைந்தது. பட்டமும் பதவியும் இங்கு பெரிதாகக் கொள்ளப்படவில்லை. பெண்கள் மிக அருகியே காணப்பட்டனர் என்பதையும் மறைத்தலாகாது.

ஸ்ரீவ் டொம்பியர் என்பார் 1975 ஏப்ரலில் அல்ரெயர் கணனியின் அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்து, கணனியின் மின்னிரைச்சலையே பாட்டாக ஒலிக்கச் செய்து காட்டினார். பயனற்ற வேடிக்கை போல் தோன்றினும், அக்கருவி எதையேனும் செய்யக்கூடியது என்று பலர் நம்பத் தலைப்பட்டது இத்தகைய வேடிக்கைகளாலேயே எனலாம். ஹியூலற் பக்கார்ட் கம்பனியில் பணிபுரிந்த ஸ்ரீவ் வொஸ்னியாக், தாம் வடிவமைத்த கணனியின் சுற்றுவரிப்படத்தை உறுப்பினர்க்கு இலவசமாக வழங்கினார். அதன் சுற்றுப்பலகையை விற்கலாம் எனக் கூறியவர் அவர் நண்பர் ஸ்ரீவ் ஜொப்ஸ். 1976 ஏப்ரலில் அப்பிள் கம்பனி உருவாயிற்று.

பகிர்வுக்கும் உடைமைக்கும் இடையிலான முரண்பாடு இங்குதான் வெளிப்படுகின்றது. அல்ரெயருக்கென மைக்ரோசொவ்ற் ஆக்கிய 'பேசிக்' மொழி துளைநாடாவில் விற்கப்பட்டது. கழகத்தவர் அதனைப் படியெடுத்துத் தம்முள் பகிர்ந்தனர். 1976 பெப்ரவரியில் பில் கேற்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்து, அல்ரெயர் உடையோரிற் பத்து வீதத்துக்குக் குறைந்தோரே விலைகொடுத்து வாங்கினர் என்றும், பிறர் செய்தது களவே என்றும் கண்டித்தார். கழகச் செய்தித்தாளே அதனை வெளியிட்டது. பல மாதம் உழைத்தவர் கூலி கேட்பதில் தவறில்லை. எனினும், மென்பொருளை இலவசமாக ஆக்கியளிக்கும் முயற்சியும் அவ்வயலிலேயே நடந்தது: 'ரைனி பேசிக்' நிரல்கள் யாவரும் எடுத்தாளுமாறு அச்சிடப்பட்டன. இவ்விரு போக்குகளும் இன்றுவரை ஓய்ந்தில.

தனிமனிதரின் பெருந்தன்மை மட்டும் இப்பகிர்வுக்குக் காரணமன்று. அப்பள்ளத்தாக்கின் இலத்திரனியற் கைத்தொழில் பெருமளவில் இராணுவக் கேள்வியால் வளர்ந்தது. அன்றியும், தொழிலை விட்டு நீங்கியவர் போட்டிக் கம்பனியிற் சேர்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைக் கலிபோர்ணியச் சட்டம் 1872 முதலே பொதுவாகச் செல்லுபடியற்றவையாக்கிற்று. எனவே ஆட்கள் இடம்மாற, அவர்தம் அறிவும் உடன்சென்றது. பொஸ்ரனைச் சூழ்ந்த கணனிக் கம்பனிகளோ தத்தம் மதிலுக்குள்ளேயே அறிவைப் பேணின. இவ்விரு பிரதேசங்களையும் ஒப்பிட்ட ஆனலீ சக்சீனியன், 1994இல் வெளியிட்ட தமது நூலில், 1980களில் கலிபோர்ணியா முந்தியமைக்கு இவ்வேறுபாட்டையே முதன்மைக் காரணமாகக் காட்டினார். சட்டத்தின் பங்கை வலியுறுத்தியவர் 1999இல் எழுதிய ரொனால்ட் கில்சன். பின்னவர் கூற்று எமக்கு வலுவுடையதாகத் தோன்றுகின்றது. தொழில்கொள்வோருக்கு அஞ்சவேண்டியிராதவரே மண்டபத்தில் வாய்திறந்து பேசுவர். மாசச்சூசெற்ஸ் மாநிலம் 2018இல் நிறைவேற்றிய சட்டத்தால் இத்தகைய தடைகளின் காலத்தைப் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டுப்படுத்தியது.

கழகத்தைத் தளரச்செய்தவற்றுள் அதன் வெற்றியும் ஒன்றாகும். உறுப்பினர் பலர் கம்பனி உரிமையாளராயினர். அடுத்த வெளியீட்டைப் பற்றி வாய்திறத்தல் அவர்க்கு இழப்பாயிற்று. சிலர் வருவதை நிறுத்தினர், வந்தோருட் சிலர் பேசுவதைக் குறைத்தனர். 1986 டிசம்பரில் இறுதிக் கூட்டம் நடைபெற்றது.