தோழியைப் பார்க்கப் போகாமல் விட்ட மாணவர்கள்: உண்டியல் ஏந்தி சிலை வைத்தார்கள்!

கூடப் படித்த பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். முறை போட்டு பார்க்க வருவதாகச் சொன்ன பிள்ளைகள் நாளடைவில் போகாமல் விட்டார்கள். ஒருநாள் அவள் செத்தே போனாள். அதன்பிறகு அந்த வகுப்பு மாணவ-மாணவிகள் செய்த காரியம் ஒரு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இது நடந்தது ஜப்பான் நாட்டில், அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா நகரத்தில். வருடம் 1955. விவரம் வருமாறு:-

மூங்கில் வகுப்பு

ஹிரோஷிமாவில் நொபோரிச்சோ ஆரம்பப்பள்ளி என்று ஒரு பள்ளிக்கூடம். அங்கே 6-ம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு "மூங்கில் வகுப்பு" என்று பெயர். நம்ம ஊரில் "ஏ" பிரிவு, "பி" பிரிவு என்று சொல்கிறோமே, அதுபோல.

அந்த வகுப்பில் படித்தவள் சடாகோ சசாகி (வயது 12). அப்பா முடிதிருத்தும் கடை நடத்தினார். பெண் ஓட்டத்தில் படுசுட்டி. 1954-ம் ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவில் மூங்கில் வகுப்பு தொடர் ஓட்டத்தில் ஜெயித்தது. ஜெயித்த அணியில் சடாகோவும் ஒருத்தி.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி காலை 8.15 மணிக்கு குண்டு வெடித்தபோது அவளுக்கு வயது 2. வெடித்த இடத்துக்கும் அவள் இருந்த வீட்டுக்கும் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தீக்காயம் எதுவும் படவில்லை. ஆனால் குடும்பத்தோடு தப்பி ஓடும்போது, சாம்பலும் விஷமும் கலந்து பெய்த கறுப்பு மழையில் குழந்தை நனைந்தது. பிள்ளை தப்பிச்சுதே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

9 வருடம் கழித்து கழுத்தில் வீக்கம் கண்டது. பரிசோதித்துப் பார்த்தால் ரத்தப் புற்றுநோய்! அணுகுண்டின் கதிர்வீச்சு பட்ட குழந்தைகளை இந்த நோய் வருடங்கள் கழித்து வந்து பிடித்தது. மிஞ்சிப்போனால் ஒரு வருடம்தான் என்று டாக்டர்கள் பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். 1955 பிப்ரவரி 21-ந்தேதி சடாகோ செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள்.

போட்ட முறை என்ன ஆச்சு?

மூங்கில் வகுப்பு கூடிப் பேசியது. தினமும் முறை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது என்று முடிவு செய்தார்கள். ஆரம்பத்தில் ஒழுங்காகவும் போனார்கள்.

ஏப்ரலில் பெரிய பள்ளிக்கூடம் திறந்தது. புதுப் பாடம், புது சிநேகிதம், விளையாட்டு. இன்றைக்கு முடியலே, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. பிள்ளைகள்தானே! பெரியவர்களே பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை என்கிறோம்.

சடாகோ படுக்கையில் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பான்காரர்களின் நம்பிக்கை. காகிதத்துக்கு ஏது காசு? மருந்துப் பொட்டலத் தாளையும் விடவில்லை. சில கொக்குகள் அரிசி மணி அளவுதான். ஊசி முனையால் மடித்தவை.

644 கொக்கு மடித்ததும் அவள் இறந்துவிட்டாள், மீதியைத் தோழிகள் மடித்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. அது 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த சிறுவர் புத்தகத்தில் எழுதப்பட்டது. உண்மை வேறு. அவள் ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் முடிந்தது, நோய் மட்டும் தீரவில்லை.

1955 அக்டோபர் 25-ந்தேதி காலை சடாகோ கண்ணை மூடினாள்.

கண்ணீர் போதாது

செய்தி கேட்டு ஓடி வந்த பிள்ளைகளின் நெஞ்சில் முள் தைத்தது. இன்னும் நாலு தடவை போய்ப் பார்த்திருக்கலாமே! செத்தவளிடம் போய் மன்னிப்பு கேட்க முடியுமா?

ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று துடித்தார்கள். அவளுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. அப்போது கவமோட்டோ இச்சிரோ என்ற இளைஞர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். குண்டால் செத்தவள் சடாகோ ஒருத்தி மட்டும் இல்லை, செத்துப்போன எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு சிலை வைக்கலாம் என்பதே அந்த யோசனை.

மூங்கில் வகுப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சடாகோ ஆசையாக வைத்திருந்த "கொகேஷி" என்ற மரப்பொம்மையின் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

2 ஆயிரம் நோட்டீஸ்

அதிர்ஷ்டவசமாக அடுத்த மாதமே, நவம்பரில், நாடு முழுவதும் உள்ள நடுநிலைப்பள்ளி தலைமை ஆசிரியர்களின் மாநாடு ஹிரோஷிமாவில் கூடியது. பிள்ளைகள் சுமார் 2 ஆயிரம் நோட்டீஸ்களைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்கள். அணுகுண்டால் இறந்த குழந்தைகளுக்குச் சிலை எழுப்ப உதவி செய்யுங்கள் என்று வந்தவர்கள் கையில் எல்லாம் கொடுத்தார்கள்.

அந்த நோட்டீஸ் தலைமை ஆசிரியர்களின் பையில் ஏறி மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடங்களில் இருந்து பணம் வரத் தொடங்கியது. 1956 ஜனவரியில் ஹிரோஷிமா நகரப் பள்ளிக்கூட மாணவர்கள் எல்லோரும் ஒரே அமைப்பாகச் சேர்ந்தார்கள். தெருவிலும் உண்டியல் ஏந்தி நின்றார்கள்.

கொடி நாள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் நம்ம ஊர் பசங்களைப் பார்த்திருப்பீர்கள். நாலு கடையில் கிடைக்கும். அஞ்சாவது கடையில் அப்புறம் வா என்பார்கள். காசு கேட்டு நிற்பது லேசுப்பட்ட வேலை அல்ல. இந்தப் பிள்ளைகள் அதை இரண்டு வருடத்துக்கும் மேல் விடாமல் செய்தார்கள்.

ஜப்பானில் 3 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிக்கூடங்கள் பணம் அனுப்பின. 9 வெளிநாடுகளில் இருந்தும் உதவி வந்தது.

9 மீட்டர் உயரம்

1958-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி. ஜப்பானில் அது குழந்தைகள் தினம். அன்று ஹிரோஷிமா சமாதானப் பூங்காவில் சிலை திறக்கப்பட்டது. உயரம் 9 மீட்டர். உச்சியில் ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் காகிதக் கொக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். செய்தவர் சிற்பி கிகுச்சி கசுவோ. நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி யுகாவா ஹிடெகி ஒரு மணி கொடுத்தார். உலகில் சமாதானம் வேண்டும் என்ற பிள்ளைகளின் வேண்டுதல், கீழே உள்ள கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தவறிய பிள்ளைகளுக்கு அப்போது வயது 15.

மாணவன் வைத்த தீ

அன்று முதல் உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சிலைக்குக் கொக்குகளை அனுப்பி வருகிறார்கள். வருடத்துக்குச் சுமார் 1 கோடி கொக்கு! எடை போட்டால் 10 டன் வரும். பழசானவற்றை நகராட்சி குப்பையில் கொட்டுவதில்லை. மறுபடியும் காகிதமாக்கி நோட்டு, தபால் அட்டை போன்ற பொருள்கள் செய்ய வகை செய்திருக்கிறது.

நடுவில் ஒரு அக்கிரமமும் நடந்தது. 2003-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி, குண்டு விழுந்த நினைவு நாளுக்கு 5 நாள் இருக்கும்போது, அங்கே கிடந்த கொக்குகளுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். 1 லட்சத்து 40 ஆயிரம் கொக்குகள் எரிந்து சாம்பல். போலீசில் சிக்கியவன் வெளியூர் பல்கலைக்கழக மாணவன். வேலை கிடைக்காத விரக்தியில் செய்ததாகச் சொன்னான்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அவன் படித்த பல்கலைக்கழகத்து மாணவர்கள், எவனோ செய்தான், நமக்கென்ன என்று ஒதுங்கவில்லை. எரிந்தது எத்தனையோ அத்தனையும் நாங்களே மடித்துத் தருகிறோம் என்று காகிதத்தைக் கையில் எடுத்தார்கள். மற்ற ஊர்களில் இருந்தும் கொக்குகள் வந்து குவிந்தன.

மூங்கில் வகுப்புப் பிள்ளைகளில் இன்று உயிரோடு இருப்பவர்கள் 80 வயதைத் தாண்டிவிட்டார்கள். தவறிப்போன தினங்களை அவர்களால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. முடிந்தது ஒன்றுதான்: சடாகோவை ஒரு நாள் பார்க்கப் போகாதவர்கள், தினம் தினம் ஊர் உலகமே அவளைப் பார்க்க வரும்படி செய்துவிட்டார்கள்!