யானை மலிவாகக் கிடைத்தால்

பென்ட்லி கான்டினென்டல் ஜிடி கார் 2003-ல் பிரிட்டனில் அறிமுகமானபோது அதன் விலை சுமார் 1,10,000 பவுண்டு. வட இங்கிலாந்தில் அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு வீடு வாங்கலாம். அந்த முதல் சில வருடங்களில் தயாரான வண்டிகள் இன்று 20,000 பவுண்டுக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. நன்றாக வைத்திருந்த ஹோண்டா எஸ்2000 ஒன்றை விற்றால் கைக்கு வரும் தொகையும் ஏறக்குறைய இதுதான். அதனால்தான் அங்கே பல ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வருகிறது: இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினால் என்ன?

கொடுக்கப் போகும் வண்டி சாதாரணமானதல்ல. ஹோண்டா நிறுவனம் தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி உருவாக்கி 1999-ல் வெளியிட்ட கார் எஸ்2000. இரண்டே இருக்கைகள், துணிக்கூரை, 1,300 கிலோவுக்கும் குறைவான எடை. டாஷ்போர்டில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இரண்டு லிட்டர் எஞ்சின் உயிர்பெறும். டர்போ இல்லாமலேயே சுமார் 240 குதிரைத்திறன் தருகிற எஞ்சின் அது. 6,000 ஆர்.பி.எம். வரை சாதுவாக இருக்கும். அதைத் தாண்டியதும் வால்வுகளை இயக்கும் கேம் மாறி, 9,000 வரை வீறிட்டுக்கொண்டு ஏறும். பழைய எஸ்2000-களில் துருவும் கிழிந்த கூரையும் பார்க்கலாம், சில எஞ்சின்கள் ஆயில் குடிக்கும். மற்றபடி நேரத்துக்கு ஆயில் மாற்றினால் வருடக்கணக்கில் தொந்தரவு தராமல் ஓடும்.

பென்ட்லி வேறு சாதி. ஜிடி என்பது கிரான் டூரிஸ்மோ, அதாவது பெரும்பயணம் என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம். 1951-ல் வந்த லான்சியா ஆரேலியா பி20 இந்தப் பெயரைத் தாங்கிய முன்னோடிக் கார்களில் ஒன்று. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிக்கொண்டு, காலையில் ஒரு நாட்டில் கிளம்பி, இரவு இன்னொரு நாட்டில் அலுப்பில்லாமல் இறங்க வேண்டும். கான்டினென்டல் ஜிடி அதைச் செய்கிறது. ஆறு லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரட்டை டர்போ, 552 குதிரைத்திறன், மணிக்கு 318 கி.மீ. உச்ச வேகம். உள்ளே தோலும் மரமும், நடுவில் பிரைட்லிங் கடிகாரம். ஏ.சி. காற்றைத் திறந்து மூட, தேவாலய ஆர்கனில் இருப்பது போன்ற குமிழ்களை இழுக்க வேண்டும். விரலில் அந்த உலோகத்தின் குளிர்ச்சி தெரியும். எடை மட்டும் 2,385 கிலோ.

இவ்வளவு நல்ல கார் ஏன் இப்படி விலை சரிகிறது? பென்ட்லியை 1998-ல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன், வருடத்துக்கு ஆயிரம் கார் அளவில் விற்றுக்கொண்டிருந்த நிறுவனத்தின் விற்பனையை 2007-ல் பத்தாயிரத்துக்கு மேல் கொண்டுபோனது. அதில் பெரும்பங்கு இந்த மாடலுக்கு. அத்தனையும் பிறகு செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. புதிதாக வாங்கும் வசதி உள்ளவர் பழையதைத் தேடுவதில்லை. பழையதைத் தேடுகிறவருக்கோ ரிப்பேர் பயம்.

அந்தப் பயம் நியாயமானது. காரின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. முன்சக்கர பிரேக் டிஸ்க் 405 மில்லிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. காற்றடைத்த சஸ்பென்ஷன் கசிந்தால் வண்டி இரவோடு இரவாக ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். பெட்ரோல் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

எஞ்சினைப் பார்த்தால் இன்னும் புரியும். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடமில்லை. ஆறு சிலிண்டர்களை நெருக்கிவைத்த இரண்டு தொகுதிகளை வி வடிவில் இணைத்தது இந்த டபிள்யூ12. டர்போ பழுதானால் மெக்கானிக் கீழ்வழியாக எஞ்சினையே இறக்குகிறார். பாகம் சின்னதாக இருக்கலாம், கூலி சின்னதாக இருக்காது.

எல்லாக் கோளாறும் இப்படிப் பெரிய இடத்திலிருந்து வருவதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஓரமாக, மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. இலையுதிர்காலத்துச் சருகுகள் அங்கே ஊறி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். மின்னணுப் பெட்டிகள் கெடும். ஐந்து நிமிடம் கையால் சருகை அள்ளிப் போட்டிருந்தால் தப்பியிருக்கும் செலவு அது. மூன்று கைகள் மாறி வந்த வண்டியில் அதைச் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று எப்படித் தெரியும்?

ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டு. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்ற கட்டாயச் சோதனை. வண்டி எண்ணைத் தட்டினால் அதன் பழைய சோதனை முடிவுகளை அரசு இணையதளம் இலவசமாகக் காட்டும். ஒரே குறை இரண்டு, மூன்று வருடம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால், உரிமையாளர் செலவு செய்யத் தயங்கியவர் என்று அர்த்தம். சாலை வரியிலும் ஒரு நுணுக்கம்: 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிக்கு, அதே மாடலாக இருந்தாலும், வரி கணிசமாகக் குறைவு.

நேரில் போகும்போது எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில் போவது நல்லது. வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்கிறதா, கால்மிதிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பளபளப்பான பெயின்ட்டைவிடக் கசங்கிய ரசீதுக் கட்டுக்கு மதிப்பு அதிகம். மலிவான பென்ட்லியை விட்டு, அதே மாடலில் ரசீதுகளோடு வரும் விலை கூடியதை எடுப்பதே கடைசியில் சிக்கனம்.

குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர், வருடா வருடம் பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடிந்தவர் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். வண்டியை வாங்கவே சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும் என்றால் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எஸ்2000 தயாரிப்பு 2009-ல் நின்றுபோனது, அதன் இடத்துக்கு ஹோண்டா வேறு காரைக் கொண்டுவரவில்லை. நல்ல வண்டிகள் குறையக் குறைய விலை ஏறிவருகிறது. இன்று விற்கிற ஹோண்டாவை, மனம் மாறிய பிறகு, அதே விலைக்குத் திரும்ப வாங்குவது கடினம்.